பல்லிக்கால் டேப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். உயர்நிலை 2 படிக்கும் என் மகள் தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இயற்கையைப் பார்த்துச் செய்த நானோ பொருள்கள் என்று தலைப்பை அவளே எடுத்துவிட்டாள். மாட்டிக்கொண்டது நான்.

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைக் கூரையில் ஓடும் பல்லியிலிருந்து தொடங்குகிறாள். அதன் விரலடியில் பசையே கிடையாது. ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள்தான், நுனிகள் கிளைகிளையாகப் பிரிந்து சுமார் 200 நானோமீட்டர் அளவில் முடிகின்றன (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சுவரை அவ்வளவு நெருங்கித் தொடுவதால் வான்டர்வால்ஸ் விசையே, அதாவது மிக அருகிலிருக்கும் மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பே, போதும். 2008-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பார்த்து, உடலுக்குள் காயத்தை ஒட்டவென்று, தானே சிதைந்துபோகும் டேப் செய்தார்கள். தோலில் ஒட்டும் சென்சார்களுக்கும் இதே வித்தை உதவுகிறது.

இப்போது கேள்விகள். டேப்புக்கு ‘ஒட்டுநாடா’ சரியா? சென்சாரை ‘உணரி’ என்றால் பிள்ளைகளுக்குப் புரியுமா?

அப்புறம், தண்ணீர் முத்தாக உருளுவதைக் காட்ட பச்சைத் தாமரை இலை வேண்டும். மருந்துக்கடையில் காய்ந்த இலைதான் கிடைத்தது, நனைத்ததும் ஊறிப்போனது. தேக்கா பூக்கடைகளில் சொல்லிவைத்தால் கிடைக்குமா? வியாழனுக்குள் தெரிந்தால் நல்லது.