கண்ணில் பறக்கும் பூச்சிக்கு என்ன சொல்: மிதவையா, நிழலிழையா?

> கண்முன் மிதந்து திரியும் புள்ளிகளுக்கு 'மிதவை' என்று வைக்கலாம். ஆங்கிலத்திலும் ('floater') அதே பொருள்தானே.

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்திலும் அதே பொருள் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. மிதவை என்றதும் தூண்டிலில் கட்டும் தக்கைதான் நினைவுக்கு வருகிறது. "மிதவை தெரிகிறதா?" என்று கேட்டால் நோயாளி விழிப்பார். "கண்ணில் பூச்சி பறக்கிறதா?" என்றால் உடனே தலையாட்டுவார். இலத்தீனில் இதற்கு இருந்த பழைய பெயரும் 'பறக்கும் ஈக்கள்' என்பதே.

அதற்காகக் 'கண்பூச்சி' என்று வைத்துவிட முடியாது. வயிற்றுப்பூச்சி மாதிரி கண்ணிலும் ஏதோ நெளிகிறது என்று பயந்துவிடுவார்கள். கண்ணுக்குள் புகும் புழுக்கள் உண்மையிலேயே உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். போதாததற்கு, பசி மயக்கத்திலும் பூச்சி பறக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

சரி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம். கண்ணின் லென்சுக்கும் விழித்திரைக்கும் நடுவே தெளிந்த கூழ் ஒன்று நிறைந்திருக்கிறது. ஏறக்குறைய 4 மில்லி இருக்கும். அதில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான், மீதியில் கொலாஜன் என்ற புரதத்தாலான மெல்லிய இழைகள். வயது ஏற ஏறக் கூழ் நீர்த்துப்போய், இழைகள் திரண்டு ஒட்டிக்கொள்கின்றன. நமக்குத் தெரிவது விழித்திரையில் விழும் அவற்றின் நிழல். வெள்ளைச் சுவரையோ பகல் வானத்தையோ பார்க்கும்போது வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் நிழல் துலக்கமாகிறது. நேராகப் பார்க்கலாமென்று கண்ணைத் திருப்பினால் அதுவும் நழுவும். கண் நின்றபின் சற்று ஊசலாடி மெல்ல அடங்கும்.

ஆகவே முதலில் 'விழிநிழல்' என்று எழுதி வைத்தேன். இமையில் பூசும் ஒப்பனைப் பொடியா என்று வீட்டில் சிரித்தார்கள், கைவிட்டேன். இப்போது 'நிழலிழை' என்று வைத்திருக்கிறேன்.

> கண்ணைக் கசக்கினால் ஒளிப்புள்ளிகள் தெரிகின்றனவே, அதற்கும் இந்தச் சொல்லே போதுமா?

போதாது, அது நிழலே இல்லை. விழித்திரை அழுத்தப்பட்டாலோ இழுபட்டாலோ வெளிச்சம் வராமலேயே வெளிச்சம் தெரியும். 1969-இல் அப்போலோ 11 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் இருட்டில் ஒளிக்கீற்றுகளைக் கண்டதாகச் சொன்னார். அது விண்வெளியிலிருந்து வந்து கண்ணுக்குள் பாய்ந்த காஸ்மிக் கதிர்களின் வேலை. பேச்சுத்தமிழ் இதை எப்போதோ பிரித்துவிட்டது, அறை வாங்கினால் பறப்பது பொறி. ஆனால் 'விழிப்பொறி' என்றால் ஐம்பொறிகளில் ஒன்றான கண்ணையே குறித்துவிடும். என் சாய்வு 'விழிமின்னல்'.

இரண்டு சொல் வேண்டுமென்று நான் அடம்பிடிக்கக் காரணம் உண்டு. ஒன்றிரண்டு நிழலிழைகள் பல ஆண்டுகளாகத் திரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அவை திடீரென்று கூட்டமாக வந்து, கூடவே விழிமின்னலும் வெட்டினால் விழித்திரை கிழிந்திருக்கலாம்; அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் மருத்துவர் எதைக் கேட்கிறார் என்றே தெரியாது.

'நிழலிழை'யில் ஒரு குறை இருக்கிறது. சிலருக்கு அது புள்ளியாகவோ வளையமாகவோ தெரியும், அங்கே இழை எங்கே என்று கேட்பீர்கள். இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள், மாற்றிக்கொள்ளலாம். மிதவைக்கு மட்டும் திரும்ப வேண்டாம்.