மார்கோ பாணிச் சிவப்பு ஒயின்: ஊறலும் பீப்பாயும்

பார்ல்வாசி:
வணக்கம். பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள ஷாதோ மார்கோ ஒயின் தோட்டத்தின் முறையில், கபர்னே சோவின்யோன் என்னும் கறுப்புத் திராட்சையில் ஒயின் செய்ய ஆசை. தோலோடு எத்தனை நாள் ஊற வேண்டும்? நம் தென்னாப்பிரிக்கக் கேப் பகுதி வெயிலுக்கு எதை மாற்றுவது?

டர்பன் அண்ணன்:
தம்பி, அங்கே காம்பு நீக்கி, பழுக்காததைப் பொறுக்கி எறிந்த பிறகே தொட்டியில் போடுவார்கள். நொதிப்பும் ஊறலும் சேர்த்து ஏறத்தாழ 3 வாரம். சூடு 28–30 டிகிரி. 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் செத்து, நொதிப்பு பாதியில் நின்று சர்க்கரை மிஞ்சிவிடும். அதில் பாக்டீரியா புகுந்தால் காடிதான். மேலே மிதக்கும் தோல் காயவே கூடாது. நாளுக்கு இருமுறை அடியிலிருந்து சாற்றை இறைத்து அதன்மேல் ஊற்றுங்கள். நொதிப்பு தணிந்ததும் இறைப்பதைக் குறையுங்கள், இல்லையென்றால் விதையின் கசப்பு இறங்கும்.

ஸ்டெல்லன்போஷ் பாதாள அறை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று: நம் வெயிலில் புளிப்பு சீக்கிரம் விழும். பிஎச் (புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவு) 3.8-க்கு மேல் போனால், கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம் வலுவிழந்து, பிரெட்டனோமைசிஸ் என்ற ஒயினைக் கெடுக்கும் ஈஸ்ட் பிடித்து, குதிரைலாய வாடை வரும். விடியற்காலையில் பறியுங்கள், நொதிப்புக்கு முன்பே டார்டாரிக் அமிலம் (திராட்சையின் இயல்பான புளிப்பு) சேருங்கள். பின்னால் சேர்த்தால் சுவையில் ஒட்டாமல் தனித்து நிற்கும்.

பார்ல்வாசி:
நன்றி. பீப்பாய்?

ஸ்டெல்லன்போஷ் பாதாள அறை:
225 லிட்டர் ஓக். மார்கோவில் 18 முதல் 24 மாதம். 3 மாதத்துக்கு ஒருமுறை அடியில் வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்த ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். தெளிய வைக்கப் பீப்பாய்க்கு 5, 6 முட்டையின் வெள்ளைக்கரு. ஆவியாகும் அளவை வாராவாரம் நிரப்புங்கள். காற்று தங்கினால் காடிவாடை. முழுக்கப் புதுப் பீப்பாய் உங்களுக்கு வேண்டாம், மெல்லிய ஒயினை மரவாசனை மூடிவிடும். மூன்றில் ஒரு பங்கு போதும்.