பாண் வண்டி புகுந்த பாட்டு: வீட்டு ஒலிப்பதிவுக்குக் கருவி வாங்கியவர்களின் அனுபவங்கள்

உப்போடை மகள்

எதை வாங்குவது என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை, வாங்கி முடித்தாயிற்று. சிறு சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்பேஸ், ஹெட்போன் மூன்றையும் காணொளிகள் பார்த்துத் தேர்ந்து, கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தேன். என் அம்மம்மாவுக்குக் கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாட்டு மனப்பாடம். ஆனால் வைகாசிச் சடங்குக்கு வெளியே அதைப் பாட மாட்டார். பல நாள் கெஞ்சிய பிறகு, தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஒரேயொரு முறைதான் என்று சொல்லிப் பாயில் அமர்ந்தார். மின்விசிறியை நிறுத்தினேன், யன்னலைச் சாத்தினேன், நாயைக் கட்டினேன். நடுவில் ஓர் இடத்தில் அவர் குரல் நன்றாகத் தாழ்ந்து பிறகு மெல்ல ஏறியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பின்னேரம் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அதே இடத்தில், இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால் இசை போட்டுப் பாண் விற்றுக்கொண்டு போன பாண் வண்டியின் சத்தம் அவர் குரலுக்கு அடியில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பாடும்போது என் காதில் அது விழவேயில்லை. அடுத்த வைகாசி வரை அவர் மறுபடி பாடப் போவதில்லை. உணர்திறன் குறைந்த டைனமிக் மைக் வாங்கியிருந்தால் தப்பியிருக்குமா என்ற கேள்வி இன்னும் என் நித்திரையைக் கெடுக்கிறது.

சம்மாந்துறை வாசி

தப்பியிருக்காது, சகோதரி. டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லியே உண்மையாகிப்போன கதை. அதன் உணர்திறன் குறைவு என்பதால் நீங்கள் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டுவீர்கள். கூட்டும்போது குரலோடு சேர்ந்து பாண் வண்டியும் ஏறிவரும்.

என் கதை சிறியது. வாப்பாவின் நாட்டார் கவிகளைப் பதிவதற்காகக் கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கி, கடையில் தந்த வயரால் மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் செருகினேன். இரண்டு நாளாக ஊமை. பழுது என்று திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரரும் பழுதுதான் என்று ஒத்துக்கொண்டு வேறொன்று தந்தார், அதுவும் ஊமை. கடைசியில் நண்பர் ஒருவரின் இன்டர்பேஸில் மாட்டி, 48 வோல்ட் என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தியதும், முதலில் என் மூச்சும் அதன்பின் கூரையில் இருந்த காகமும் கேட்டன. அந்த 48 வோல்ட் இல்லாமல் அந்த வகைக் கண்டென்சர் வேலை செய்யாது என்பது வாங்கியவனுக்கும் தெரியவில்லை, விற்றவனுக்கும் தெரியவில்லை.

இப்போது உங்கள் விடயம். மைக்கை மாற்ற வேண்டாம், தூரத்தை மாற்றுங்கள். பாடுபவர் மைக்கிலிருந்து விலகும் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். பாண் வண்டி மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு சாண் தூரத்தில் பாட வைத்துக் கெயினை இறக்குங்கள். கார்டியோயிட் மைக்குக்கு முதுகுப்புறம் காது மந்தம் என்பதால் அந்த முதுகை யன்னல் பக்கம் திருப்பி வையுங்கள். அம்மம்மாவுக்குப் பின்னால் இருக்கும் வெறுஞ்சுவரில் மெத்தையொன்றைச் சாத்துங்கள்; மைக்கின் முகம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். முட்டைத் தட்டுகளை ஒட்டச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். கடதாசி அட்டைக்குத் தெருச்சத்தத்தைத் தடுக்கும் கனம் கிடையாது. ஓட்டுக்கூரை வீடானால் மாரி காலத்தில் எந்த மைக்கும் உதவாது, பங்குனி வரை பொறுத்திருங்கள். கண்டென்சரை ஈரம் பிடிக்காமல் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ஆரையம்பதிக்காரன்

சகோதரர் சொல்லும் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் வயதான தாயொருவரை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அசையாமல் இருத்திப் பாருங்கள். பாட்டு வராது, முறைப்புத்தான் வரும்.

நான் மாட்டிக்கொண்டது மென்பொருளில். பெரிய ஸ்டூடியோக்களில் பாவிப்பதுதான் வேண்டும் என்ற வீம்பில், ஒரு கடையில் 500 ரூபாவுக்குப் பென் டிரைவில் ஏற்றித் தந்த திருட்டுப் பிரதியை நிறுவினேன். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவச் சொன்னார்கள், அதையும் செய்தேன். ஒரு கலியாண வீட்டுக்காக ஏழு பாட்டுகள் பதிந்து, கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு கோப்புறையைத் திறந்தபோது, ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான் எழுதாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒரு பாட்டும் திறக்கவில்லை. டொலரில் பணம் கேட்கும் கடிதம் மட்டும் உடனே திறந்தது. மணமகளின் தகப்பனுக்குத் தொலைபேசியில் அதை விளங்கப்படுத்த எனக்கு இன்றுவரை சொல் கிடைக்கவில்லை.

இப்போது ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைப் பாவிக்கிறேன். 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், தனியாளுக்கான உரிமம் 60 டொலர். குரலை மட்டும் பதிந்து வெட்டி ஒட்டுவதற்கு அதுகூடத் தேவையில்லை, இலவசமான ஓடாசிட்டியே போதும். இன்னொன்று: பாடுபவர் தன் குரலை ஹெட்போனில் பிந்திக் கேட்டுத் தாளம் தவறினால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 1024 மாதிரிகளில் இருந்தால், செக்கனுக்கு 48,000 மாதிரி வீதத்தில் அது மட்டுமே 21 மில்லிசெக்கன் தாமதம். 128 க்கு இறக்குங்கள், அல்லது இன்டர்பேஸிலுள்ள நேரடிக் கேட்புப் பொத்தானை அழுத்துங்கள்.

கல்முனை நிலா

2022 பெப்ரவரியில் இந்தக் கருவிகளுக்கு விலை விசாரித்துவிட்டு, சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி, மே மாதத்தில் 360 வரை போனது. கடையில் அதே பெட்டி, அதன் மேல் அதே தூசி. பழைய விலைச்சீட்டின் மேல் புதியது ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பழைய விலையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

களுவாஞ்சி மத்தளம்

எல்லோரும் குரலைப் பற்றியே எழுதுகிறீர்கள். வடமோடிக் கூத்தின் மத்தளத்தைப் பதிய முயன்றவன் நான். மைக்கில் பிழை விடவில்லை. 1965 இல் வெளிவந்து இன்றும் மேளத்துக்கு வைக்கப்படும் ஷுவர் எஸ்எம்57 ஐத்தான் வாங்கினேன். பிழை இன்டர்பேஸில். இரண்டு மைக் உள்ளீடு உள்ளதற்கும் ஒன்று உள்ளதற்கும் இடையிலான விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க ஒன்று உள்ளதை வாங்கினேன். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை அடித்துக்கொண்டே பாடுவார் என்பது சிறு வயதிலிருந்தே பார்த்த எனக்குக் கடையில் நிற்கும்போது மட்டும் மறந்துவிட்டது. மைக்கை மத்தளத்தின் வலந்தலைக்குக் கிட்ட வைத்தால் பாட்டு அமுங்கியது, வாய்க்கு நேரே வைத்தால் மத்தளம் தகரம்போல ஒலித்தது.

போதாக்குறைக்கு, முதல் அடியிலேயே, ஒலி அளவு மீறுகிறது என்று கெயின் பிடியைச் சுற்றிய வளையம் சிவப்பாக எரிந்தது. கொஞ்சம் மெல்ல அடிக்கலாமா என்று கேட்டேன். அவர் கையை மத்தளத்தின் மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: “மெல்ல அடிச்சா ஆடுறவனுக்குக் கால் எழும்பாது மகன்.” ஆடுபவர் எவரும் அன்று அந்த அறையில் இல்லை. நான் பேசாமல் கெயினை இறக்கினேன். 24 பிட்டில் பதியும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில், அதாவது எல்லைக்கு 12 டெசிபெல் கீழே, நின்றாலே தாராளம் என்பதை அதன் பின்னர்தான் அறிந்தேன். ஆரையம்பதியார் சொல்வதுபோல் மென்பொருளுக்குச் செலவழிக்காமல் விட்டால், அந்தப் பணத்தில் இரண்டாவது உள்ளீட்டை வாங்கலாம்.

உப்போடை மகள்

ஓடாசிட்டியின் இரைச்சல் நீக்கியைப் போட்டுப் பார்த்தேன். பாட்டுக்கு முந்திய சில விநாடி அமைதியை மாதிரியாகக் கொடுத்ததும், நான் நிறுத்த மறந்திருந்த குளிர்சாதனப் பெட்டியின் முனகல் போய்விட்டது. பாண் வண்டி போகவில்லை. ஒரே சீராக ஒலிப்பதைத்தான் அதனால் பிடிக்க முடிகிறது. ஏறி இறங்கும் இசையை அதுவும் பாட்டென்றே எண்ணிக்கொள்கிறது. இன்னும் அழுத்தியபோது அம்மம்மாவின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டதால், பழைய கோப்பையே வைத்துக்கொண்டேன். ஒரு சாண் தூரத்துக்கு அவர் சம்மதிக்க மாட்டார் என்பதில் ஆரையம்பதி அண்ணன்தான் சரி, மெத்தைக்குச் சம்மதிப்பார். வைகாசிக்கு முன் வளைகை உள்ள ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, மைக்கை அவர் கண்ணில் படாதவாறு மேலிருந்து இறக்கிப் பார்க்க இருக்கிறேன்.

நேற்று அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தன் பாட்டுக்குத் தானே தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த இடம் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார்.

“பாண்காரன் போறான் புள்ள, கூப்பிடு.”