ராவியதா, அச்சே பிசகியதா?

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் டீக்கடை வைத்திருக்கிறேன். 10 ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியும், தமிழ்நாட்டுப் பக்கம் பல கடைகளில் அதை வாங்கத் தயங்குவார்கள். எல்லை தாண்டி வருகிறவர்கள் அதையெல்லாம் என் கல்லாவில்தான் தள்ளிவிடுவார்கள். இரவு சில்லறை எண்ணும்போது ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

முதலில் சிக்கியது ஓரத்தில் பிறை போலக் கடிபட்ட ஒரு 5 ரூபாய். பழைய, கனமான செம்பு-நிக்கல் காசு. அச்சடிக்கும்போதே பிழையான காசு, லட்சத்துக்குப் போகும் என்று மனக்கோட்டை கட்டிவிட்டேன். நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவர் தினமும் டீக்கு வருவார். லென்ஸை வைத்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"கண்ணு, இது அரத்தால ராவுனது."

"எடை போட்டா தெரியாதுங்களா?"

"ராவினாலும் எடை குறையும், அச்சடிக்க முன்னாடியே வெட்டுப்பட்டாலும் குறையும். எதிர்ப்பக்க விளிம்பைப் பாரு."

விஷயம் இதுதான். தகட்டில் காசுக்கான வட்ட வில்லை வெட்டும்போது, முன்பு வெட்டிய துளையின் மேல் கொஞ்சம் ஏறி வெட்டினால் பிறை விழும். பிறகு அந்த வில்லையை உருட்டி அழுத்தி விளிம்பை எழுப்புவார்கள். பிறைப் பக்கம் உலோகம் இல்லாததால் நேரெதிரே அழுத்தம் பற்றாது, அங்கே விளிம்பு மங்கிப்போகும். என் காசிலோ விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தது!

அப்புறம் சில மாதம் கழித்து நிஜமாகவே ஒன்று கிடைத்தது, ஒரு எஃகு 1 ரூபாய். நம் நாணயத்தை மேலும் கீழும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றினால் இரண்டு முகமும் நிமிர்ந்தே வர வேண்டும். இதில் சிங்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அச்சு தளர்ந்து திரும்பிக்கொண்ட பிழை. ஒரே படம் ஒரு முகத்தில் புடைத்தும் மறுமுகத்தில் குழிந்து கண்ணாடிப் பிம்பமாகவும் விழுவதை ‘லக்கி’ என்பார்கள். அது இன்னும் என் கைக்கு வரவில்லை.

இப்போது ஆளாளுக்குக் காசோடு வருகிறார்கள், ஆண்டுக்குக் கீழே ஏதோ பிழை இருக்கிறது என்று. அது எந்த ஊர் ஆலையில் அச்சடித்தது என்று காட்டும் குறி. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைரம் மும்பை, வட்டப்புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா, அவ்வளவுதான். நேற்று ஒருவர், "ஒன்னுமே இல்லீங்களே, அதுதானே தப்பு" என்று அரைமணி நேரம் வாதாடினார். கடைசியில் அந்தக் காசைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டு, டீக்கு ஜிபேயில் பணம் போட்டுவிட்டுப் போனார்.