தெர்மல் பேஸ்ட் மாற்றியும் சிபியு 97 டிகிரி: அடுத்து எதைப் பார்ப்பது?

வெயில்காரன்
வணக்கம். என்னிடம் இருப்பது ஐ7-9750எச் சிபியு, ஜிடிஎக்ஸ் 1650 ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) உள்ள கேமிங் லேப்டாப். வாங்கி ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு என்பதால் தினமும் உழைக்கும் மெஷின். எக்ஸ்போர்ட் போட்டால் சிபியு 97க்குப் போய், வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. போன வாரம் ஊரில் ஒரு கடையில் கொடுத்து தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் செம்பு ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் களிம்பு) மாற்றினேன். தெர்மல் பேடும் (பக்கத்துச் சிப்புகள் மேல் வைக்கும் மெத்தென்ற பட்டை) புதுசு போட்டதாகச் சொன்னார்கள். மாற்றிய பிறகு முன்பைவிட மெதுவாக ஓடுகிறது! கேட்டால், "மதுரை வெயில் சார், ஏசி போட்டு வேலை பாருங்க" என்கிறார்கள். வெயில்தானா, இல்லை பேஸ்ட் மட்டமா? எம்எக்ஸ்-6 பேஸ்ட் வாங்கி நானே போட்டுவிடலாமா?

டர்போ தம்பி
கேமிங் லேப்டாப் என்றாலே சூடுதான் ப்ரோ. நல்ல கூலிங் பேட் ஒன்று வாங்குங்கள். எனக்கு 5 டிகிரி குறைந்தது.

பழைய மதர்போர்டு
கூலிங் பேட் இருக்கட்டும், அது கடைசி. முதலில் ஒன்று: 97 என்ற எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்தச் சிப்பின் உச்சவரம்பு 100 டிகிரி. அந்த எல்லையை நெருங்கியதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும். நல்ல லேப்டாப்பும் 97 காட்டலாம், கெட்டதும் 97 காட்டலாம். எத்தனை வாட்டில் 97 வருகிறது என்பதுதான் கேள்வி. 9750எச் 45 வாட் சிப், அதாவது தொடர்ந்து அந்த அளவில் ஓட வேண்டியது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, எக்ஸ்போர்ட் ஓடும்போது இவற்றைச் சொல்லுங்கள்: சிபியு பேக்கேஜ் பவர் (சிப் இழுக்கும் வாட்), சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரின் வெப்பம், தொடங்கி எவ்வளவு நேரத்தில் 97 தொடுகிறது, நிறுத்தினால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது. அப்புறம் காற்று வெளியேறும் பக்கம் கையை வைத்துப் பாருங்கள்.

வெயிலுக்கும் பங்கு உண்டு. அறை 10 டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். ஆனால் பேஸ்ட் மாற்றிய ஒரே வாரத்தில் நிலைமை மோசமானதற்கு வெயிலைக் காட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெயில்காரன்
பார்த்துவிட்டேன் அண்ணா. பவர் 24, 25 வாட்தான். தொடங்கிய இரண்டு மூன்று நொடியிலேயே 96. நிறுத்தினால் சட்டென்று 60க்கு வந்துவிடுகிறது. கோர்கள்: 97, 96, 91, 88, 83, 82. ஃபேன் கத்துகிறது, ஆனால் வெளியே வரும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. கேம் ஆடினால் ஜிபியு 70ஐத் தாண்டுவதில்லை.

பழைய மதர்போர்டு
அப்படியானால் தூசியும் இல்லை, ஃபேனும் இல்லை. தூசி அடைத்திருந்தால் ஹீட்சிங்க் முழுவதும் சூடாக வேண்டும். அதற்குச் சில நிமிடமாவது ஆகும், இறங்கவும் நேரம் எடுக்கும், வெளியே வரும் கொஞ்சக் காற்றும் கையைச் சுடும். உங்களுடையது நொடியில் ஏறி நொடியில் இறங்குகிறது, காற்றும் சூடாக இல்லை. சிப்பிலிருந்து வெப்பம் செம்புத் தகட்டுக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கோருக்குக் கோர் 15 டிகிரி வித்தியாசம் இருப்பதால், ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

காரணம் இரண்டில் ஒன்று. ஸ்க்ரூவை ஒரு மூலையில் முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். அல்லது புதுசாகப் போட்ட பேடின் கனம் கூடுதல். சிபியு பக்கத்தில் அதற்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் விஆர்எம் சிப்புகள் மேல் ஒரு பேட் வரும். 1 மிமீ இருந்த இடத்தில் 2 மிமீ போட்டால் ஹீட்சிங்க் அதன் மேல் ஏறி நின்றுகொள்ளும். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பினாலும் பயனில்லை. செம்பு வெப்பத்தைக் கடத்துவது 400 வாட் பர் மீட்டர் கெல்வின் அளவில். நல்ல பேஸ்ட் பத்தைத் தொட்டாலே பெரிது. பேஸ்ட் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

டர்போ தம்பி
த்ராட்டில்ஸ்டாப் சாஃப்ட்வேரில் அண்டர்வோல்ட் செய்தால் (சிபியு வோல்டேஜைக் குறைத்தால்) போதாதா? எதற்குக் கழற்றணும்?

பழைய மதர்போர்டு
2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு பல பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகளில் அண்டர்வோல்ட்டைப் பூட்டிவிட்டார்கள். திறந்திருந்தால் செய்யலாம். ஆனால் ஹீட்சிங்க் ஒழுங்காக உட்காராத லேப்டாப்பில் அது வெறும் ஒப்பேற்றல்.

ஸ்க்ரூ டப்பா
கழற்றப் போகிறீர்கள் என்றால் சில விஷயம். அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. அப்புறம் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரமும் போய்விடும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். கழற்றும்போது தலைகீழ் வரிசை, மாட்டும்போது நேர் வரிசை. எதையும் ஒரே மூச்சில் முறுக்காதீர்கள், எல்லாவற்றையும் பாதி, பிறகு முழுசு. பழைய பேஸ்ட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ப்ளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, சிலிக்கனே வெளியே தெரியும். நடுவில் ஒரு சொட்டு வைத்தால் மூலைக்குப் போகாமல் போகலாம், அதனால் பேஸ்ட்டை முழுப் பரப்பிலும் மெல்லிசாகத் தடவுங்கள். மூலை விளிம்பு எளிதில் உடையும், கவனம். லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீர்கள். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தையும் அரிக்கும். டூத்பேஸ்ட் போடச் சொல்லும் வீடியோக்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

பழைய மதர்போர்டு
எல்லாம் சரி, பேஸ்ட் விஷயத்தில் மட்டும் ஒரு மாற்றுக் கருத்து. தினமும் சூடாகி ஆறும் சிப்பில் சாதாரண பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்குப் பிதுங்கி, நடுவில் காய்ந்துவிடும். இவர் வேலைக்கு ஹனிவெல்லின் பிடிஎம்7950 பொருத்தம். அறை வெப்பத்தில் கெட்டியான ஷீட்டாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும். போலியும் நிறைய உலவுகிறது, தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: ஹீட்சிங்கைத் தூக்கியதும் எதையும் துடைக்காமல் முதலில் போட்டோ எடுங்கள். பேஸ்ட்டின் தடமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வெயில்காரன்
திறந்தாச்சு. நீங்கள் சொன்னதேதான். சிப்பின் ஒரு ஓரத்தில் பேஸ்ட் நசுங்கிக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருக்கிறது. விஆர்எம்மை ஒட்டிய ஓரத்தில் டியூபிலிருந்து பிதுக்கிய கோடு கலையாமல் அப்படியே நிற்கிறது, செம்பு அதைத் தொடவே இல்லை. அந்தப் பக்கத்தில் பழைய பேடின் கிழிசலைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே புது நீலப் பேடை ஒட்டியிருக்கிறார்கள்! இரண்டையும் சுரண்டி எடுத்தேன். 1 மிமீ பேட் வைத்து ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பார்த்தேன், பேடில் சிப்புகளின் தடம் லேசாகப் பதிந்திருந்தது. ஜிபியு பக்கத்துப் பேடுகள் கம்பெனி போட்டதே, அவற்றைத் தொடவில்லை.

பிடிஎம் வரும் வரை காத்திருக்க முடியாது, முகூர்த்த சீசன். இப்போதைக்கு எம்எக்ஸ்-6 போட்டிருக்கிறேன். அதே எக்ஸ்போர்ட்: 44 வாட், 3.1 கிகாஹெர்ட்ஸ், 89 டிகிரி. கோர்களுக்குள் 6 டிகிரி வித்தியாசம் இன்னும் இருக்கிறது. திரும்பக் கழற்றணுமா?

பழைய மதர்போர்டு
வேண்டாம். ஆறு கோரும் ஒரே மாதிரி காட்டவே காட்டாது, நடுவில் இருப்பவை எப்போதும் கொஞ்சம் சூடுதான். பிடிஎம் வந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், எம்எக்ஸ்-6 தளர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். எப்போது என்று தெரிய இன்றைய 44 வாட், 89 டிகிரியை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது அறை வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சித்திரையில் இதே சந்தேகம் வரும்.

வெயில்காரன்
அறை 36. குறித்துவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா. அந்தக் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன், பணத்தைத் திருப்பித் தரவில்லை, ஒரு மவுஸ் பேட் கொடுத்தார்.