புதுப்பிப்பு: மாசாய் மாராவுக்கு எந்த லென்ஸ்? முடிவு செய்தாச்சு

ஆகஸ்டில் கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் படம் எடுக்கப் போகிறேன். சிக்மா 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் எடுக்கவா, கேனான் ஆர்எஃப் 100-500 மி.மீ. எடுக்கவா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேனான்தான்.

இரண்டையும் வாடகைக்கு எடுத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளைப் படம் பிடித்துப் பார்த்தேன். விடிகாலையில் சிக்மாவின் 600-இல் இறகின் கோடு வரை தெரிந்தது, அருமை. வெயில் ஏறியதும் குளத்து மேல் கானல் அலைய, தூரத்துப் பறவை இரண்டிலும் ஒரே மாதிரி கலங்கிப் போனது. அப்புறம் எடை. சிக்மா 1.9 கிலோ, அதை என் கேமராவில் பொருத்த அடாப்டர் வேறு. கேனான் ஏறக்குறைய அரை கிலோ குறைவு. நைரோபியிலிருந்து மாரா போகும் சிறு விமானத்தில் பொதுவாகக் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான்.

முக்காலி வேண்டாம், லென்ஸைத் தாங்க பீன் பேக் (தானியம் நிரப்பிய பை) போதும் என்று சொன்ன அண்ணாச்சிக்குத் தனி நன்றி. பாளையங்கோட்டைத் தையல்காரர் ஒருவர் கெட்டி கேன்வாஸில் ஜிப் வைத்துத் தைத்துத் தந்தார். காலியாகக் கொண்டுபோய் அங்கே அரிசி நிரப்பிக்கொள்ளலாம்.

போகிறவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று 10 நாள் கழித்துத்தான் செல்லும், முன்கூட்டியே போடுங்கள். உதிரி பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும். 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை, லென்ஸைத் துணியில் சுற்றுங்கள்.