கூப்பிடு தூரத்து வானொலி: நம் அனுபவங்கள்

கொங்கு வட்டாரத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்:

எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் ஆறு ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு நாள் நிகழ்ச்சி தொகுத்து வருகிறேன். எங்கள் தவறுகளையும் எழுதப் போவதால் நிலையத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். கல்லூரிக் கட்டடம் ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். சுவரில் அறைந்த கயிற்றுப் பாயும், நாலாக மடித்துத் தொங்கவிட்ட பவானி ஜமக்காளமும்தான் எதிரொலியைத் தடுக்கின்றன. விதிப்படி ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக் கூடாது; கோபுரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஆகவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதுமே எங்கள் குரல் கரகரத்து, வேறொரு திரைப்பாடல் அலைவரிசையின் அடியில் அமிழ்ந்துவிடும். எந்தத் திருப்பத்தில் அது அறுந்துபோகும் என்பது சந்தைக்குப் போகும் மினிபஸ் ஓட்டுநர்களுக்கு மனப்பாடம்.

அதிகம் பேர் கேட்கும் நிகழ்ச்சி எது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நாங்கள் உழைத்துச் செய்த வேளாண் நேர்காணலும் இல்லை, சட்ட விளக்கமும் இல்லை. காலை ஏழேகாலுக்கு ஐந்து நிமிடம் வாசிக்கிற அறிவிப்புகள்தாம்: எந்தத் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து வரை எந்தெந்தத் தெருவில் மின்சாரம் இராது, எந்தப் பகுதிக்கு இன்று குடிநீர் வரும், எந்தக் கோயிலில் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டியிருக்கிறார்கள். ஒரு முறை தெருவின் பெயரை மாற்றி வாசித்துவிட்டேன். அன்று மாவு அரைக்கும் கடைக்காரர் ஒருவர் ஊறவைத்த அரிசியோடு நேரே மாடியேறி வந்துவிட்டார். வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, அரைவை இயந்திரம் வைத்திருப்பவர்களின் சிரமங்களைப் பற்றி அரை மணி நேரம் பேச வைத்துப் பதிவு செய்தோம் என்பது தனிக்கதை.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது ஓர் ஒப்பாரியைப் பற்றி. பழைய பாட்டுகளைச் சேகரிக்கிறோம் என்று பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தபோது, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் கும்மி, தாலாட்டு எல்லாம் பாடி முடித்து, கடைசியில் தன் மாமியார் இறந்தபோது அழுத ஒப்பாரியையும் பாடினார். பாதியில் குரல் உடைந்தது. கேட்டுக்கொண்டிருந்த மருமகள் முற்றத்து அம்மியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அருமையான பதிவு. அதை அந்த வாரமே, காலை ஆறரை மணிக்கு, யோசிக்காமல் ஒலிபரப்பினோம். அன்று வெள்ளிக்கிழமை.

இரண்டாவது நிமிடத்திலேயே தொலைபேசி அலறத் தொடங்கியது. “வெள்ளியும் அதுவுமாக விளக்கேற்றுகிற நேரத்தில் வீட்டுக்குள் இழவுப் பாட்டைப் போடுகிறீர்களே, உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?” என்று கேட்ட முதல் அழைப்பாளரே பண்போடு பேசியவர், மற்றவர்கள் பேசியதை எழுத முடியாது. நாட்டார் பாடல்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திய எனக்கு, ஒப்பாரி என்பது பாட்டாக மட்டும் பதிந்திருந்தது. அதற்குரிய இடமும் பொழுதும் கூடவே இருக்கின்றன என்பது அன்றைக்கு உறைத்தது. இதே பதிவு ஒரு பெருநகர வானொலியில் போயிருந்தால் கலை என்று பாராட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் குரல் யாருடையது, அழப்பட்டவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அந்த அம்மையாரே வந்தார். கோபிக்கவில்லை. “நான் எங்க மாமியாருக்கு அழுதது கண்ணு, ஊருக்கு அழுகல” என்றார். பதிவை அழித்துவிடச் சொன்னார். ஒலிபரப்பிய எதையும் மூன்று மாதங்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அதை அவரிடம் எப்படி விளக்குவது? “மூணு மாசம் அரசாங்கத்துக்காகப் பெட்டியில இருக்கும், யார் காதுக்கும் போகாதுங்க அம்மா” என்று சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் முடிந்த அன்று அவரை அழைத்து அவர் கண்முன்னேயே அழித்தோம். அதிலிருந்து, பாடியவருக்கு முதலில் போட்டுக் காட்டி, ஒலிபரப்பும் நாளையும் நேரத்தையும் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எதையும் வெளியிடுவதில்லை.

பாம்பனிலிருந்து, நாட்டுப்படகுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்:

எங்களுக்கு வாய்த்தது ‘கடல் ஓசை’, 90.4 பண்பலை. 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. மீனவர்களுக்காக, மீனவர் வீட்டுப் பிள்ளைகளையே பேச வைத்து நடக்கிற நிலையம். நான் அதில் வேலை செய்பவன் அல்லன், கேட்பவன் மட்டும்தான்.

என் அப்பா வானிலை அறிக்கையை நம்பாதவர். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று சொன்னால், “அது கெடக்கட்டும், வாடையா கொண்டலா, கச்சானா சோழகமா, அதச் சொல்லு” என்பார். வடக்கத்திக் காற்றுக்கு ஒரு கடல், கீழைக் காற்றுக்கு வேறொரு கடல். எங்கள் பாம்பன் தீவின் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் விரிகுடா என்பதால், இந்தப் பக்கம் கொந்தளிக்கும்போது அந்தப் பக்கம் குளம்போலக் கிடக்கும். வேகத்தைக் காட்டிலும் திசைதான் எங்களுக்குப் பெரிது. எங்கள் பேச்சிலேயே பேசுகிறவர்கள் வானொலியில் காற்றையும் அலையையும் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அப்பா காது கொடுத்தார். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டின் எண்ணை நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். ஆனால் எண் ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டுப் பெண்களும் சரியாகச் சொல்வதை வானொலி வந்த பிறகே கண்டேன்.

கைபேசியில் பண்பலை கேட்க வேண்டுமானால் இயர்போன் கம்பியைச் செருகியாக வேண்டும். அந்தக் கம்பிதான் அலைவாங்கி. உப்புக் காற்றில் கம்பியின் முனை பச்சை பூத்துப் போகும். அப்பா அதைக் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டியே மூன்று கம்பிகளைத் தீர்த்தார். 61 நாள் தடைக்காலத்தில், ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வலை பழுது பார்க்கிற கொட்டகையில் அதே கைபேசியைச் சருவச் சட்டிக்குள் சாய்த்து வைத்துவிடுவார்கள்; சத்தம் பெருகி ஐந்தாறு பேருக்குக் கேட்கும்.

சென்னையிலிருந்து, முன்னாள் கல்லூரி வானொலித் தன்னார்வலர்:

நம் நாட்டில் இவ்வகை வளாக வானொலி முதன்முதலில் தொடங்கியது 2004 பிப்ரவரி 1 அன்று, அண்ணா பல்கலைக்கழகத்தில். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வேறொரு கல்லூரியின் நிலையத்தில் சேர்ந்தவன் நான். அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம். தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் கதவு திறந்தது. எனக்கு இன்றும் ஆறாத ஒரு குறை, செய்தி சொல்லக் கூடாது என்பதுதான். மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, திருவிழா, விளையாட்டு, இயற்கைச் சீற்றம் எல்லாம் சொல்லலாம். அவை செய்திக் கணக்கில் சேரா. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். ஆனால் எதிர்த் தெருவில் சாக்கடை ஏன் மூன்று மாதமாக உடைந்து கிடக்கிறது என்று நகராட்சியைக் கேள்வி கேட்டால் அது செய்தியாகிவிடுமோ என்று எங்கள் பொறுப்பாளர் நடுங்குவார். ‘சுகாதார விழிப்புணர்வு’ என்று பெயர் வைத்து, கொசு எப்படி உற்பத்தியாகிறது என்று தொடங்கி, அந்தத் தெருவின் பெயரைப் போகிற போக்கில் உதாரணமாகச் சொன்னோம். நாலாம் நாள் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பெருமைப்படுவதா, இப்படிச் சுற்றிவளைக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது.

மீண்டும் கொங்கு வட்டாரத்திலிருந்து:

சென்னை நண்பர் சொன்ன கொசு வித்தையை நாங்களும் செய்திருக்கிறோம். எங்களுக்கு மண்வெட்டி வரவில்லை, விளக்கம் கேட்டு ஒரு கடிதம்தான் வந்தது.

அந்த ஒப்பாரி அம்மையாரைப் பற்றி ஒரு நண்பர் தனியே கேட்டிருந்தார். சென்ற மாதம் அவராகவே வந்து, கொள்ளுப் பேரனுக்குப் பாடுகிற தாலாட்டைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். முடித்ததும் போட்டுக் காட்டினோம். இரண்டாம் அடியில் மூச்சு வாங்கியது கேட்கிறது என்று சொல்லி மறுபடியும் பாடினார். வியாழன் இரவு எட்டு மணிக்கு வரும் என்றோம். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அன்றைக்குத் தான் மகள் வீட்டில் இருப்பதாகவும், அங்கே நம் வானொலி எடுக்காது என்றும் சொன்னார். திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம்.